முதல் டிரிப்ஸ் ஏறும் முன்: ஹாட்ஜ்கின் லிம்போமா வந்த இளம்பெண்களுக்கு

இருபதுகளில் இருக்கும் ஒரு பெண்ணுக்கு ஹாட்ஜ்கின் லிம்போமா, அதாவது நிணநீர்க் கணுக்களில் வரும் ஒரு வகைப் புற்றுநோய் என்று ரிப்போர்ட் வந்ததும் சுற்றியிருப்பவர்கள் சொல்வது, "பயப்படாதே, கேன்சரிலேயே இதுதான் நல்ல கேன்சர்." அதில் பொய் இல்லை. ஆரம்ப நிலையில் கண்டுபிடிக்கப்படுபவர்களில் பத்துக்கு ஒன்பது பேராவது ஐந்து ஆண்டுகளைத் தாண்டுகிறார்கள். பலருக்கு நோய் திரும்புவதே இல்லை. ஆனால் இந்தச் சிகிச்சையைத் தனியாகக் கடந்து வந்தவள் என்ற முறையில் சொல்கிறேன், அந்த ஆறுதல் எனக்குக் கோபத்தைத்தான் தந்தது. நல்ல கேன்சர் என்று சொல்லிவிட்ட பிறகு சந்தேகம் கேட்பவள் நன்றி கெட்டவளாகத் தெரிகிறாள். கேட்காமல் விட்டால் இழப்பு நமக்குத்தான். இந்த வைத்தியத்தில் சில கேள்விகளுக்குக் கெடு உண்டு. கீமோ மருந்தின் முதல் டிரிப்ஸ் ஏறும் முன் கேட்டால் வழி இருக்கும். ஏறிய பிறகு கேட்டால் "முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்பார்கள். யாரும் எனக்கு இதைச் சொல்லவில்லை என்பதால், எந்தக் கட்டத்தில் எதைக் கேட்பது, எது எங்கே தவறுகிறது என்று வரிசையாக எழுதுகிறேன்.

நோயைக் கண்டுபிடிக்கும் கட்டத்திலேயே மாதங்கள் பறிபோகின்றன. சளி, தொண்டைப் புண்ணுக்கு நெறி கட்டினால் தொட்டால் வலிக்கும், இரண்டு மூன்று வாரத்தில் வற்றிவிடும். லிம்போமா கட்டி பெரும்பாலும் வலிக்காது, ரப்பர் போல நகரும், நாலு வாரம் ஆகியும் குறையாது. காறை எலும்புக்கு மேலே வருகிற கட்டி எந்த வயதிலும் அலட்சியப்படுத்தக் கூடாதது. தடிப்பே இல்லாமல் உடம்பெல்லாம் அரிப்பு, விரிப்பை மாற்ற வேண்டிய அளவுக்கு இரவில் வியர்வை, காரணமில்லாத காய்ச்சல், ஆறு மாதத்தில் பத்தில் ஒரு பங்கு எடை குறைவது எல்லாம் இதனுடன் சேர்ந்து வரலாம். அடுத்து நடக்கும் தவறு ஊசிப் பரிசோதனை. மெல்லிய ஊசியால் கொஞ்சம் செல்களை உறிஞ்சிப் பார்த்து "ரியாக்டிவ், பயமில்லை" என்று எழுதிவிடுவார்கள். இந்த நோயில் கட்டியை நிரப்பியிருப்பவை பெரும்பாலும் சாதாரண அழற்சிச் செல்கள். ரீட்-ஸ்டெர்ன்பெர்க் எனப்படும் உண்மையான புற்றுச் செல்கள் அதில் நூற்றில் ஒன்றோ இரண்டோதான். ஊசி நுனியில் அவை சிக்காமலே போகலாம். சில சமயம் அந்த அழற்சியைப் பார்த்துக் காசநோய் என்று மருந்து தொடங்கிவிடுவதும் உண்டு. அதனால் ஊசிப் பரிசோதனையில் ஒன்றுமில்லை என்று வந்தும் கட்டி அப்படியே இருந்தால், "முழுக் கணுவையும் எடுத்து பயாப்ஸி செய்யலாமா?" என்று கேளுங்கள். அதற்கு முன் ஸ்டீராய்டு மாத்திரை எதுவும் எடுக்க வேண்டாம். கட்டி சுருங்கிப் பயாப்ஸி குழம்பிவிடும். ரிப்போர்ட் வந்ததும், பிளாக் எனப்படும் மெழுகுக் கட்டியும் ஸ்லைடுகளும் எங்கே இருக்கின்றன, இரண்டாவது நிபுணர் பார்க்க எப்படி வாங்குவது என்று விசாரித்து வையுங்கள். லிம்போமாவில் வகை மாறினால் மருந்தே மாறிவிடும். மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுவது, காலையில் முகமும் கழுத்தும் வீங்கியிருப்பது இரண்டும் நெஞ்சுக்குள் பெரிய கட்டி இருப்பதன் அறிகுறிகள். அப்படி இருந்தால் காத்திருக்காமல் அன்றே சொல்லுங்கள். பயாப்ஸிக்கு மயக்க மருந்து கொடுப்பவருக்கும் அது தெரிந்தாக வேண்டும்.

பிறகு பெட் ஸ்கேன். கதிரியக்கம் கலந்த சர்க்கரையை ஊசியில் ஏற்றி, அதை இழுத்துக்கொள்ளும் இடங்கள் ஒளிர்வதைப் படமெடுப்பார்கள். சிகிச்சைக்கு முன் எடுக்கும் இந்த முதல் ஸ்கேனை வைத்துத்தான் பின்னால் வருகிற ஒவ்வொரு ஸ்கேனையும் ஒப்பிடுவார்கள். குறைந்தது 6 மணி நேரம் தண்ணீர் தவிர வேறெதுவும் கூடாது. முந்தைய நாளிலிருந்தே ஓட்டம், எடை தூக்குவது வேண்டாம், ஏனென்றால் உழைத்த தசை சர்க்கரையை இழுத்துக்கொண்டு படத்தில் ஒளிரும். யாரும் அதிகம் சொல்லாத இன்னொன்று குளிர். இளம்பெண்களுக்குக் கழுத்திலும் தோளிலும் பழுப்புக் கொழுப்பு கூடுதலாக இருக்கும்; குளிர்ந்தால் அது வேலை செய்யத் தொடங்கி, நோய் இருக்கும் அதே இடங்களில் ஒளிரும். வீட்டிலிருந்து கிளம்பும்போதே கதகதப்பாக உடுத்திக்கொள்ளுங்கள், காத்திருக்கும் அறையில் போர்வை கேளுங்கள். ரிப்போர்ட் தாளோடு படங்கள் அடங்கிய சிடியையும் கட்டாயம் வாங்குங்கள். மருத்துவமனை மாறும்போது படங்கள் இல்லாததால் அதே ஸ்கேனை இன்னொரு தடவை எடுக்கச் சொல்வார்கள். பணம் வீணாக இரட்டிப்பாகும் இடம் இதுதான்.

இப்போது கெடு மிகுந்த கேள்விக்கு வருகிறேன்: பின்னால் குழந்தை பெற முடியுமா? பெற்றோரையோ அண்ணனையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்கக் கூச்சமாக இருக்கும். கல்யாணமே ஆகவில்லை, இப்போது என்ன அவசரம் என்று அவர்களும் நினைப்பார்கள். "டாக்டரிடம் ஐந்து நிமிடம் தனியாகப் பேசணும்" என்று சொல்லி அவர்களை வெளியே அனுப்புங்கள். அதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. 1960-களில் வந்த மாப் என்ற மருந்துக் கூட்டு இந்த நோயைக் குணப்படுத்தியது, கூடவே பல பெண்களின் சினைப்பையையும் செயலிழக்கச் செய்தது. 1970-களில் மிலானில் ஜியான்னி பொனடோனா குழுவினர் உருவாக்கிய ஏபிவிடி (டாக்ஸோரூபிசின், பிளியோமைசின், வின்பிளாஸ்டின், டகார்பசின் என்ற நான்கு மருந்துகள்) சினைப்பையை அந்த அளவுக்குத் தாக்குவதில்லை. இன்றும் பலருக்கு அதுதான் தரப்படுகிறது. உங்கள் மருந்துக் கூட்டின் பெயர் என்ன, அதில் சைக்ளோபாஸ்பமைடு அல்லது புரோகார்பசின் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் ஆபத்து கூடுதல், வயது முப்பதைத் தாண்டியிருந்தால் இன்னும் கூடுதல். ஏஎம்எச் ரத்தப் பரிசோதனையைக் கீமோவுக்கு முன்பே எடுத்துவிட்டால் சினைப்பையின் இருப்பு பற்றி ஓர் அடிப்படை எண் கையில் இருக்கும்.

கருமுட்டையை உறையவைக்க ஏறத்தாழ இரண்டு வாரம் வேண்டும். மாதவிடாய் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை, சுழற்சியின் எந்த நாளிலும் ஊசியைத் தொடங்கலாம். இது தெரியாமல் "அடுத்த பீரியட் வரட்டும்" என்று சொல்லி அந்த வாய்ப்பையே கைவிடுவதுண்டு. தினமும் ஊசி, இரண்டு மூன்று நாளைக்கு ஒரு ஸ்கேன், கடைசியில் மயக்கத்தில் பிறப்புறுப்பின் வழியாக ஊசி செலுத்தி முட்டைகளை எடுப்பார்கள். முட்டையை முதிரவைக்கும் கடைசி ஊசியாக எச்சிஜிக்குப் பதில் ஜிஎன்ஆர்எச் அகோனிஸ்ட் போட முடியுமா என்று கேளுங்கள். வயிறு உப்பி நீர் கோத்துக்கொள்ளும் சிக்கல் அதில் குறைவு, அந்தச் சிக்கல் வந்தால் கீமோ தள்ளிப்போகும். நெஞ்சில் பெரிய கட்டி இருந்தால் மயக்கமும் ரத்தக்கட்டும் கூடுதல் கவனம் கேட்கும் விஷயங்கள். ஒரு கருமுட்டை ஒரு குழந்தை ஆகாது. பத்து பன்னிரண்டு கிடைத்தாலும் அது வாய்ப்புதான், உத்தரவாதம் இல்லை. எடுக்கும் செலவோடு ஆண்டுதோறும் சேமிப்புக் கட்டணம் உண்டா, கட்டத் தவறினால் என்ன செய்வார்கள் என்று எழுத்தில் வாங்குங்கள். காத்திருக்கவே நேரமில்லை என்றால் சினைப்பைத் திசுவை லேப்ராஸ்கோப்பி மூலம் எடுத்து உறையவைக்கும் வழி இருக்கிறது, அதற்கு ஹார்மோன் ஊசி வேண்டாம். மாதம் ஒருமுறை போடும் கோசரலின் ஊசியைச் சிலர் சினைப்பைக்குப் பாதுகாப்பு என்று தருவார்கள். லிம்போமாவில் அதற்கான ஆதாரம் வலுவாக இல்லை, அதை மட்டும் நம்பி மற்றதை விடாதீர்கள். ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் குறையும்போது மாதவிடாய் பெருக்கெடுப்பதைத் தடுக்க அது உதவும், அந்தக் காரணத்துக்காகப் போட்டுக்கொள்ளலாம். மூச்சுத்திணறல் போன்ற அவசரம் இருந்து டாக்டர் "இன்றே தொடங்கணும்" என்றால் உயிர்தான் முதலில். அப்போதும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: பின்னால் மருந்து மாறினாலோ ஸ்டெம்செல் மாற்று சிகிச்சை பற்றிப் பேச்சு வந்தாலோ இதே கேள்வியை மறுபடி கேட்க வேண்டும். அதற்கான வீரிய மருந்துகள் சினைப்பையை ஏபிவிடியைவிடப் பல மடங்கு பாதிக்கும்.

கீமோவுக்கு முந்தைய வாரத்தில் எக்கோ எனப்படும் இதய ஸ்கேன், நுரையீரல் திறன் பரிசோதனை, ஹெபடைடிஸ் பி, எச்ஐவி, கர்ப்பப் பரிசோதனை எல்லாம் முடித்துவிடுவார்கள். சொத்தைப் பல் இருந்தால் அதையும் அந்த வாரமே பார்த்துவிடுங்கள். நரம்பு பற்றித் தனியாகப் பேச வேண்டும். ஏபிவிடி 28 நாள் சுழற்சி, முதல் நாளும் 15-ஆம் நாளும் டிரிப்ஸ். ஆறு சுழற்சி என்றால் 12 தடவை. மெல்லிய கை நரம்பு அத்தனை தடவை தாங்காது. டகார்பசின் ஏறும்போது முழங்கைவரை எரியும், நரம்பு கயிறாகக் கெட்டிப்படும். டாக்ஸோரூபிசின் நரம்புக்கு வெளியே கசிந்தால் சதையே வெந்துவிடும். ஆகவே போர்ட் (நெஞ்சுத் தோலுக்கடியில் பொருத்தும் மருந்து வாசல்) அல்லது பிக் லைன் (மேல்கை வழியாகப் பெரிய நரம்புவரை செலுத்தும் நீளக் குழாய்) வைக்கலாமா என்று முதல் டிரிப்ஸுக்கு முன்பே கேளுங்கள்.

அந்த டாக்ஸோரூபிசின் எப்படி ஏறுகிறது என்று பார்த்தால் ஏன் இத்தனை எச்சரிக்கை என்பது புரியும். பெரிய சிரிஞ்சில் ரத்தச் சிவப்பாக மருந்து இருக்கும். கையுறையும் மேலங்கியும் போட்ட நர்ஸ் பக்கத்தில் உட்கார்ந்து, பக்கவாட்டில் சலைன் ஓடிக்கொண்டிருக்க, கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளுவார். இடையிடையே பிஸ்டனைப் பின்னுக்கு இழுத்து ரத்தம் திரும்பி வருகிறதா என்று பார்ப்பார். அந்த நேரத்தில் லேசாகச் சுருக்கென்றாலும், எரிந்தாலும் "நிறுத்துங்க" என்று உடனே சொல்லிவிடுங்கள். அவருக்குத் தொந்தரவு என்று பொறுத்துக்கொள்ளும் நேரம் இது இல்லை. ஓரிரு நாள் சிறுநீர் சிவந்து போவது மருந்தின் நிறம், ரத்தம் இல்லை. பிளியோமைசின் ஏறிய அன்று மாலை குளிர்நடுக்கமும் காய்ச்சலும் வரலாம். அந்த மருந்துக்குப் பிறகு சொறிந்த இடமெல்லாம் சாட்டையடி பட்டதுபோல் கறுத்த கோடுகள் விழும், மாதக்கணக்கில் மறையாது. ஏற்கெனவே அரிப்பு உள்ள நோய் என்பதால் நகத்தை ஒட்ட வெட்டி, ஈரப்பதம் தரும் கிரீமைத் தாராளமாகத் தடவுங்கள். வறட்டு இருமலோ படி ஏறினால் புதிதாக மூச்சு வாங்குவதோ தெரிந்தால் அடுத்த டோஸுக்கு முன் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பிளியோமைசின் நுரையீரலைப் பாதிக்கும்.

வாந்தி மாத்திரைகளை வாந்தி வந்த பிறகு போடுவது வீண். எழுதிக் கொடுத்த நேரத்துக்குப் போட்டுவிடுங்கள். வாந்தி மாத்திரையான ஒன்டான்செட்ரானும் வின்பிளாஸ்டினும் சேர்ந்து மலச்சிக்கலை உண்டாக்கும், அதனால் மலமிளக்கியை டிரிப்ஸ் அன்றே தொடங்கக் கேளுங்கள். எனிமாவும் ஆசனவாய் மாத்திரையும் கூடாது, சின்னக் கீறல் வழியாகவும் கிருமி ரத்தத்துக்குப் போய்விடும். வாய்ப்புண்ணுக்கு ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் ஒரு டீஸ்பூன் உப்பும் ஒரு டீஸ்பூன் சமையல் சோடாவும் கலந்து நாளைக்கு நாலைந்து தடவை கொப்பளித்தால் போதும். முடி இரண்டு மூன்று வாரத்தில் உதிரத் தொடங்கும். அதற்கு முந்தைய ஓரிரு நாள் உச்சந்தலை தொட்டாலே வலிக்கும். அதற்காக அழுவது அற்பம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள், அழுதுவிடுங்கள். முடி திரும்ப வரும்.

காய்ச்சலுக்கு வருகிறேன். இதில் மட்டும் துளியும் விட்டுக்கொடுக்கக் கூடாது. டிரிப்ஸ் முடிந்து 7 முதல் 14 நாளுக்குள் வெள்ளையணுக்கள் அடிமட்டத்துக்குப் போகும். கிருமியோடு போராடும் வெள்ளையணுவான நியூட்ரோபில் 500-க்குக் கீழே இருக்கும்போது வரும் தொற்றில் சீழ் இருக்காது, வீக்கம் இருக்காது, காய்ச்சல் ஒன்றுதான் அடையாளம். வீட்டில் டிஜிட்டல் தெர்மாமீட்டர் வைத்துக்கொள்ளுங்கள். 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட் தொட்டால் நேரம் எதுவானாலும் போன் செய்துவிட்டுக் கிளம்புங்கள். அளந்து பார்க்காமல் பாராசிட்டமால் போடாதீர்கள், அது எண்ணை மறைக்கும், நோயை நிறுத்தாது. அவசரப் பிரிவில் வரிசையில் உட்கார்ந்துவிடாமல் முதல் வாக்கியமாக "நான் கீமோவில் இருக்கிறேன், வெள்ளையணு குறைவாக இருக்கலாம், காய்ச்சல்" என்று சொல்லுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் ஏற வேண்டும் என்பது உலகெங்கும் உள்ள நெறிமுறை. அதைக் கேட்டுப் பெறுவது உங்கள் உரிமை. போர்ட்டில் சலைன் ஏற்றிய கொஞ்ச நேரத்தில் உடம்பு தூக்கிப் போட்டால் காய்ச்சல் இல்லாவிட்டாலும் அது லைன் தொற்றாக இருக்கலாம். இதற்கு நேர்மாறான ஒன்றும் இருக்கிறது: காய்ச்சல் இல்லை, நலமாக இருக்கிறீர்கள், ஆனால் 15-ஆம் நாள் ரத்தப் பரிசோதனையில் நியூட்ரோபில் குறைவு. அப்போதும் பல மருத்துவர்கள் ஏபிவிடியைத் தள்ளிப்போடாமல் கொடுப்பார்கள். இது கவனக்குறைவு இல்லை. தேதி தவறாமல் கொடுப்பதில்தான் இந்த மருந்தின் பலன் இருக்கிறது.

மாதவிடாய் நின்றுவிட்டால் கருத்தரிக்காது என்று நினைக்க வேண்டாம். கருத்தடை அவசியம். அப்ரிபிடன்ட் என்ற வாந்தித் தடுப்பு மருந்து கருத்தடை மாத்திரையின் பலத்தைக் குறைக்கும், அந்தப் பாதிப்பு அதை நிறுத்திய பிறகும் 28 நாள் வரை இருக்கும். ஈஸ்ட்ரோஜன் மாத்திரை ரத்தக்கட்டு ஆபத்தையும் கூட்டும். ஆணுறை பாதுகாப்பானது. பிறப்புறுப்பு வறட்சி, ஆசையே இல்லாமல் போவது, இரவில் திடீரென உடம்பு கொதிப்பது எல்லாவற்றையும் நர்ஸிடமாவது வாய்விட்டுச் சொல்லுங்கள், அவற்றுக்கு மருந்து இருக்கிறது.

இரண்டு சுழற்சி முடிந்ததும் இடைக்கால பெட் ஸ்கேன். ரிப்போர்ட்டைப் பிரித்ததும் கண் தேட வேண்டியது டோவில் ஸ்கோர் என்ற வரி, அதாவது எவ்வளவு ஒளிர்கிறது என்பதற்கான மதிப்பெண். கட்டி இருந்த இடத்தில் ஒளி இல்லை என்றால் 1. நெஞ்சின் நடுப்பகுதி ரத்தக்குழாய்களின் அளவு அல்லது அதற்குக் கீழே என்றால் 2. அதைத் தாண்டி, கல்லீரல் அளவுக்குள் என்றால் 3. கல்லீரலைவிட மிதமாகக் கூட என்றால் 4. மிக அதிகம் அல்லது புதிய இடம் என்றால் 5. 1 முதல் 3 வரை பொதுவாக நல்ல பதில். பரவிய நிலையில் உள்ளவர்களிடம் நடத்தி 2016-இல் வெளியான ராதல் ஆய்வு, இந்த இடத்தில் ஸ்கேன் சுத்தமாக இருந்தால் மீதிச் சுழற்சிகளில் பிளியோமைசினை விட்டுவிட்டாலும் பலன் ஏறத்தாழ அதேதான், நுரையீரலும் தப்புகிறது என்று காட்டியது. அதனால் "இனி பிளியோமைசின் வேண்டுமா?" என்பது அன்றைக்குக் கேட்க வேண்டிய கேள்வி.

கடைசி ஸ்கேனைக் கீமோ முடிந்து ஆறு முதல் எட்டு வாரம் கழித்து எடுப்பது நல்லது, ரேடியேஷனுக்குப் பிறகு என்றால் மூன்று மாதம். அவசரப்பட்டு எடுத்தால் ஆறிக்கொண்டிருக்கும் திசுவே நோயைப் போல ஒளிரும். கட்டி கொஞ்சம் மிச்சம் இருப்பதாக எழுதியிருந்தாலும் பதற வேண்டாம். நெஞ்சில் இருந்த பெரிய கட்டி தழும்பாக அங்கேயே தங்கும், அது ஒளிராமல் இருந்தால் முழு ரிமிஷன்தான். இளம் வயதினருக்கு மட்டும் வரும் இன்னொரு பொய்ப் பயம் உண்டு. கீமோவில் சுருங்கிய தைமஸ் சுரப்பி சில மாதங்களில் மறுபடி வளரும், நெஞ்செலும்புக்குப் பின்னால் ஒளிரும், நோய் திரும்பியதாகவே தோன்றும். அதே சமயம் சளி, தடுப்பூசி, வெள்ளையணுவைக் கூட்டும் ஊசி எதுவும் படத்தைக் குழப்பலாம் என்பதால் ஸ்கேனுக்கு முன் இவற்றைச் சொல்லிவிடுங்கள். எந்தக் காரணத்துக்காகவும் பயாப்ஸி இல்லாமல், ஒளி தெரிகிறது என்பதற்காக மட்டும் அடுத்த கட்ட மருந்துக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள்.

ரிமிஷன் என்றால் தேடியும் நோய் தென்படவில்லை என்று பொருள். குணம் என்ற சொல்லை மருத்துவர்கள் ஆண்டுகள் போன பிறகே உச்சரிப்பார்கள். அந்தத் தயக்கம் உங்களைப் பற்றிய கெட்ட செய்தி இல்லை. நோய் திரும்புவதில் பெரும்பகுதி முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் நடக்கிறது; கருத்தரிப்பை இரண்டு ஆண்டு தள்ளிவைக்கச் சொல்வதும் அதனால்தான். திரும்பினாலும் கதவு மூடிவிடாது. ஸ்டெம்செல் மாற்று, பிரென்டுக்சிமாப், நிவோலுமாப், பெம்ப்ரோலிசுமாப் என்ற மருந்துகள் என்று வழிகள் இருக்கின்றன, அவற்றிலும் முழு ரிமிஷன் கிடைக்கிறது. இதைத் தெரிந்துகொண்டு நம்புவது எனக்குக் கண்மூடி நம்புவதைவிட எளிதாக இருந்தது. ஆனால் சிகிச்சை முடிந்த பிறகுதான் மனம் மிக மோசமாக உடையும் என்பதற்கு யாரும் தயார் செய்யவில்லை. வாராவாரம் யாரோ பார்த்துக்கொண்டிருந்தார்கள், திடீரென்று "மூன்று மாதம் கழித்து வாங்க" என்று அனுப்பிவிடுவார்கள். சோர்வும் மறதியும் பல மாதம் நீடிக்கும். வேலைக்குத் திரும்பும் தேதியைக் கடைசி டிரிப்ஸிலிருந்து எண்ணாமல் ஓரிரு மாதம் கூட்டியே கேளுங்கள். அறிகுறி இல்லாதபோது ஆசுவாசத்துக்காக பெட் ஸ்கேன் எடுக்கக் கேட்கவும் வேண்டாம். பொய் எச்சரிக்கைகளே அதில் அதிகம், திரும்பிய நோயைப் பெரும்பாலும் நோயாளியின் விரலோ உடம்பின் அறிகுறியோதான் முதலில் சொல்கிறது.

கடைசி நாளில் மருத்துவமனையிடம் ஒரு சிகிச்சைச் சுருக்கம் எழுதி வாங்குங்கள். டாக்ஸோரூபிசின் மொத்த அளவு (ஆறு சுழற்சி ஏபிவிடி என்றால் உடல் பரப்பில் சதுர மீட்டருக்கு 300 மில்லிகிராம்), பிளியோமைசின் பெற்றீர்களா, ரேடியேஷன் எந்த இடத்தில் எத்தனை கிரே (கதிர்வீச்சின் அளவு) என்று அதில் இருக்க வேண்டும். எந்த அறுவை சிகிச்சைக்குப் போனாலும் மயக்க மருத்துவரிடம் பிளியோமைசின் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிக ஆக்சிஜன் அந்த நுரையீரலுக்கு ஆகாது. ரத்தம் ஏற்ற நேர்ந்தால் கதிரூட்டிய ரத்தம் வேண்டுமா என்று கேட்க வேண்டும். பல நாடுகளின் நெறிமுறைப்படி ஹாட்ஜ்கின் வந்தவர்களுக்கு அது ஆயுள் முழுவதும் பொருந்தும். கழுத்தில் ரேடியேஷன் என்றால் ஆண்டுக்கு ஒருமுறை டிஎஸ்எச் எனப்படும் தைராய்டு ரத்தப் பரிசோதனை. முப்பது வயதுக்கு முன் நெஞ்சில் ரேடியேஷன் பெற்ற பெண்ணுக்கு மார்பகப் பரிசோதனை மற்றவர்களைவிடப் பல ஆண்டுகள் முன்பே, பொதுவாக ரேடியேஷனிலிருந்து எட்டாவது ஆண்டிலோ 25 வயதிலோ எது பிந்தியதோ அப்போது, எம்ஆர்ஐயோடு தொடங்க வேண்டும். அந்தத் தேதியை இப்போதே கணக்குப் போட்டுச் சுருக்கத்தின் மேல்பக்கத்தில் எழுதிவையுங்கள். எட்டு ஆண்டு கழித்து உங்களைப் பார்க்கப்போவது வேறொரு மருத்துவர். அந்தத் தாளைத் தவிர அவருக்கு அதைச் சொல்ல வேறு எதுவும் இருக்காது.